தவளைத் தொட்டியில் வில்பட்டி மழை

1

இதைப் பொறாமையில்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 'ஜெர்மனியில் இருக்கிறவளுக்கு என்ன குறை, யார் மேல் பொறாமை?' என்று ஊரில் இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். என் தங்கை வசந்தா மேல்தான். அவள் கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் தகரக் கூரை வீட்டில் இருக்கிறாள். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் பீன்ஸும் கேரட்டும் போடுகிறாள். பகலில் செண்பகனூர் ரோட்டோரம் தள்ளுவண்டியில் டீ, மிளகாய் பஜ்ஜி, பிரெட் ஆம்லெட் விற்கிறாள். நான் இங்கே ஒரு நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாம்பு, ஆமை, தவளைகளைப் பராமரிக்கிறேன். கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் பாடம் செய்த பிராணிகளுக்கு வேறு ஆட்கள் உண்டு. உயிரோடு இருப்பவை என் பொறுப்பு.

போன வாரம் நான் வேலையில் சேர்ந்து பத்து வருடம் முடிந்ததற்காகத் தவளை அறை வாசலில் சின்னதாக ஒரு கூட்டம் வைத்தார்கள். பூங்கொத்து, கேக், கைகுலுக்கல். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் இயக்குநர். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த ஜெர்மன் வாக்கியங்களை ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் தொட்டிக்குள் மழை வந்துவிட்டது. மழையென்றால் குழாயில் ஓட்டை போட்டு மோட்டார் வைத்துப் பெய்ய வைக்கும் மழை. கூடவே ஸ்பீக்கரில் தகரத்தின் மேல் மழை விழும் சத்தம், அதற்கு மேலே வசந்தாவின் குரல்.

"ஏ புள்ள, அந்தப் பீன்ஸ் கூடைய உள்ள எடு, வெரசா வா."

எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். அந்தக் குரலை இங்கே எல்லோருக்கும் தெரியும், தினமும் இரண்டு வேளை கேட்கிறார்கள். ஒருத்தர் உதட்டை அசைத்து "வெரசா வா" என்று கூடவே சொல்லவும் செய்தார். என் பேச்சு அதோடு முடிந்தது. கேக்கை வெட்டிவிட்டார்கள்.

பத்து வருடம் தவளைகளுக்கு இரையாகக் கிரிக்கெட் பூச்சி பொறுக்கியவள் நான். கைதட்டல் அவளுக்கு.

2

எங்கள் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டுக் கொடைக்கானல் மலையில் மரம் நடும் வேலைக்கு வந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் எங்களை 'சிலோன்காரப் புள்ளைங்க' என்பார்கள். வீட்டில் டீயைத் தேத்தண்ணி என்போம். அதை வகுப்பில் ஒரு தடவை சொல்லப்போய், வருஷம் முழுக்க எனக்கு அதுவே பெயராகிவிட்டது. அன்றோடு அந்த வார்த்தையை நான் விட்டேன். வசந்தா விடவில்லை. கேலி செய்தவளின் தலைமுடியைப் பிடித்து ஆட்டிவிட்டு வந்து, மறுநாளும் தேத்தண்ணி என்றாள். நான் படித்தேன், விலங்கியல் முடித்தேன், இங்கே வேலையிலிருந்த ஆயக்குடிக்காரரான சேகரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அவள் எட்டாவதோடு நின்றாள்.

இங்கே வந்ததும் என் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. அருங்காட்சியகத்தில் தரை துடைக்கத்தான் முதலில் போனேன். பிறகு பிராணிப் பராமரிப்புப் பயிற்சியில் என் மகளுக்கு இப்போதிருக்கும் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். ஜெர்மனிலும் நீ, நீங்கள் உண்டு. யாருக்கு எது என்று புரியாமல் ஆரம்பத்தில் எல்லோரையும் நீங்கள் என்றேன், மலைப்பாம்பு உள்பட. "தயவுசெய்து கொஞ்சம் நகருங்கள்" என்று நான் பாம்பிடம் சொன்னதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அது நகர்ந்தது.

தவளை அறைக்குள் போவதென்றால் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்கென்று இருக்கும் ரப்பர் பூட்ஸைப் போட வேண்டும். தோல் நோய் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கால் வழியாகப் போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு. அடுத்த அறைக்கு வேறு பூட்ஸ். புதிதாக வருகிறவர்கள் மறந்துபோய்த் திட்டு வாங்குவார்கள். வாசலில் செருப்பை விட்டே வளர்ந்த எனக்கு அது ஒரு பாடமாகவே தெரியவில்லை.

இன்னொரு விதி உண்டு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். சத்தம் கொடுக்க ஆரம்பித்த தவளையை இடம் மாற்றக்கூடாது. எங்களிடம் வியட்நாம் மலைக்காட்டுத் தவளைகள் இருக்கின்றன. உடம்பெல்லாம் பாசி பிடித்த கல் மாதிரி இருக்கும். பயந்தால் பந்தாகச் சுருண்டு செத்ததுபோலக் கிடக்கும். சில வருடங்களுக்கு முன் அவை முதல்முறையாகக் கூப்பிட ஆரம்பித்த நேரத்தில், விளம்பரப் பிரிவு ஆட்கள் படம் எடுக்கத் தொட்டியை முன்கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள். ஒரு பிற்பகல்தான். திரும்பி வந்த தவளைகள் வாயை மூடியவைதான், அதன் பிறகு வருடக்கணக்கில் ஒரு சத்தம் இல்லை.

இந்தத் தவளைகள் மேலும் எனக்குப் பொறாமை உண்டு. இவற்றின் அறையைக் கொடைக்கானல் குளிரில் வைத்திருக்கிறோம். காலையில் பனிமூட்டம் விடுகிறோம். வெளியே எனக்கு மூக்கைக் காயவைக்கும் ஹீட்டர். வேறு ஒரு நாட்டிலிருந்து இவற்றை வரவழைத்தபோது காகிதங்கள் சுலபமாக முடிந்தன. அதே வருடம் வசந்தாவை ஒரு மாதம் இங்கே கூட்டிவர விசாவுக்கு எழுதினோம். திரும்பிப் போவாள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். தள்ளுவண்டியைப் படம் எடுத்து அனுப்பினாள். போதாது என்று மறுத்துவிட்டார்கள். தவளைகளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அவள் வர முடியாததால்தான் என் மகள் அங்கே போனாள்.

3

மகள் பெயர் லீனா. இரண்டு ஊர் வாய்க்கும் சிரமமில்லாத பெயராகத் தேடி வைத்தோம். ஐந்து வயதுவரை தமிழ் பேசினாள். பள்ளிக்கூடம் போனதும் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். பிறகு பதிலும் குறைந்தது. என்னிடம் மிச்சம் வைத்த தமிழ் "பசிக்குது", "சரி", "போதும்". இதில் 'போதும்' தான் அதிகம் செலவாகும்.

என் வேலையும் அவளுக்குப் பிடிக்காது. என் கையில் பூச்சித் தீவன வாடை அடிக்கும் என்பாள். சின்ன வகுப்பில், "அம்மா மியூசியத்தில் ஆபீஸ் வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். ஒருமுறை வகுப்போடு இங்கே வந்தவள், பூட்ஸும் வாளியுமாக நான் எதிரே வந்ததும் டைனோசர் எலும்புகளுக்குப் பின்னால் போய்விட்டாள். நானும் பார்க்காததுபோல வாளியோடு வேறு கதவு வழியாகப் போனேன்.

பள்ளி முடித்த கையோடு, மூன்று வாரம் சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எனக்குச் சந்தோஷம்தான். அவளுக்கு அங்கே பொழுதே போகாது, கழிப்பறையைப் பற்றிப் புகார் சொல்வாள், ஒரே வாரத்தில் என்னைத் தேடுவாள் என்று நினைத்தேன். தேடட்டும் என்றும் நினைத்தேன்.

ஒரே வாரத்தில் வசந்தாதான் போன் செய்தாள். "அக்கா, ஒம் மக மூணு வேளையும் சோறு திங்கிறா. அங்க என்னத்தப் போட்டு வளத்த?"

"நல்லாத்தான் போட்டேன்."

"வெள்ளனே எந்திரிச்சு எனக்கு முன்னாடி வண்டிக்கிட்ட நிக்கிறா. டூரிஸ்ட்டுகிட்ட இங்கிலீசு பேசுறா. யாவாரம் நல்லா ஓடுதுக்கா."

படம் அனுப்பினாள். என் மகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். குடித்த தம்ளரைக் கழுவும் தொட்டிவரை கொண்டுபோக எங்கள் வீட்டில் பதினெட்டு வருடம் மாட்டேன் என்ற பிள்ளை. படத்தைச் சேகரிடம் காட்டினேன். "நல்லாத்தானே ஆத்துறா" என்றார். அன்று அவருக்கு ரசம் வைக்கவில்லை.

மூன்று வாரம் ஆறு வாரம் ஆனது. டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாள். நான் கூப்பிட்டால் ஜெர்மனில், "சித்தியோடு சந்தைக்குப் போகிறேன்", "சித்தியோடு கேரட் கழுவுகிறேன்", "சித்தி கூப்பிடுகிறாள், வைக்கிறேன்." சித்தி, சித்தி. அந்த வார்த்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

4

மழைக் கதைக்கு வருகிறேன். இந்தத் தவளைகளை முட்டையிட வைக்கத் தொட்டியைச் சில வாரம் காயப்போட்டு, பிறகு மழையைக் கொட்ட வேண்டும். தண்ணீர் மட்டும் போதாது, மழைச் சத்தமும் இருந்தால் நல்லது என்பது எங்கள் அனுபவம். மின்சாரமும் கருவிகளும் பார்க்கும் யோனாஸ் என்ற பையன் இணையத்தில் எடுத்த மழையைப் போட்டான். கேட்டேன். ஒரே சீராக, குளியலறை ஷவர் மாதிரி இருந்தது.

"இதெல்லாம் மழையா? மழை எங்கள் ஊரில் இருக்கிறது" என்றேன். பெருமை யாரை விட்டது. லீனாவுக்குச் செய்தி அனுப்பினேன், ஒரு சாயங்காலம் முழுசாக மழையைப் பதிவு செய்து அனுப்பு, யாரும் பேசக்கூடாது என்று. வசந்தா வீட்டில் யாரும் பேசாத சாயங்காலம் கிடையாது என்பதை, அந்த வீட்டில் பிறந்த நானே மறந்துபோனேன்.

பதிவு வந்த அன்றைக்கு நான் தனியாகக் கேட்டுப் பார்க்கவில்லை. பெருமையில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துத்தான் போட்டேன். தகரத்தில் முதலில் நாலு துளி, பிறகு சடசடவென்று முழு மழை, பீன்ஸ் பாத்திக்கு அப்பால் ஓடையில் தவளைகள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பிறகு அந்தப் பீன்ஸ் கூடை வந்தது. அதன் பின்னால் என் மகள்.

"சித்தி, பேசாதீங்க, ரெக்கார்டு பண்றேன்."

"மழைக்கு என்னடி ரெக்கார்டு, அது பாட்டுக்குப் பேயும். தேத்தண்ணி ஆறிப்போய்க் கெடக்கு பாரு."

"நீங்க உக்காருங்க சித்தி, ஒங்களுக்கும் நானே சூடா போட்டுத் தாரேன்."

பிறகு ஒரு சிரிப்பு. லீனா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் ஊர்ப் பெண்கள் சிரிப்பதுபோல, ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத சிரிப்பு. எனக்கு நெஞ்சு எரிந்தது. நான் பதின்மூன்று வருடம் கெஞ்சியும் அதட்டியும், மிட்டாய் கொடுத்தும், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குக் காரில் கூட்டிப்போயும் வராத தமிழ், அங்கே ஒரு தகரக் கூரைக்குக் கீழே தண்ணீர்பட்ட பாடாக வருகிறது. அதுவும் தேத்தண்ணிக்காக.

"என்ன பேசிக்கொள்கிறார்கள்?" என்று யோனாஸ் கேட்டான்.

"மழை நன்றாகப் பெய்கிறதாம்" என்றேன்.

"உங்கள் மகள் அழகாகப் பேசுகிறாள்."

"நான் சொல்லிக்கொடுத்தது" என்றேன், முகத்தை மாற்றாமல்.

5

தினமும் காலையும் மாலையும் நான் பூட்ஸோடு நிற்கும் இடத்தில் அது ஓடியது. இறந்த பூச்சிகளை எடுக்கும்போது "வெரசா வா." கண்ணாடி துடைக்கும்போது சிரிப்பு. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு யோனாஸிடம், பேச்சு தவளைகளுக்குத் தொந்தரவு, அதை மட்டும் எடுத்துவிடு என்றேன். தவளைகளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவை கூப்பிட ஆரம்பித்திருந்தன, மெல்லிய விசில்போல.

யோனாஸ் மென்பொருளில் போட்டு உட்கார்ந்தான். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்த மென்பொருள் செய்யப்பட்டதே மழை, காற்று, வண்டிச் சத்தத்தைக் களைந்து பேச்சைக் காப்பாற்றுவதற்காம். தலைகீழாகச் செய்யச் சொன்னால் அதற்குக் கை வரவில்லை. பேச்சைப் பிடுங்கியதும் மழையின் சதையும் கூடவே போய், அப்பளம் பொரிகிற சத்தம்தான் மிஞ்சியது. அதைத்தான் சில நாள் போட்டோம். தவளைகள் நிறுத்திவிட்டன. அதனால்தான் நிறுத்தினவா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நிறுத்திவிட்டன.

"பழையதையே போடுவோமா?" என்றான்.

"போடு" என்றேன். வேறென்ன சொல்ல.

மறுபடி வசந்தா வந்தாள், மகள் வந்தாள், தவளைகளும் கூப்பிட்டன. பத்தாண்டுக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், தண்ணீருக்கு மேலே ஈரப் பாறையில் முட்டைகள் இருந்தன. ஜவ்வரிசிப் பாயசத்தில் மிளகு போட்டதுபோல. நான்தான் முதலில் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் வசந்தாவையே ஒரு நிமிடம் மறந்துவிட்டேன்.

6

கூட்டம் நடந்த அன்று பிற்பகல் லீனா கூப்பிட்டாள். ஜெர்மனில்தான் கேட்டாள். சித்தி வண்டிக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு கடை எடுக்கப் போகிறாள், கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆசை, அடுத்த கோடைவரை இருக்கட்டுமா? பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை விட்டுவிடலாமா? சேருகிறேன் என்று அந்த வாரத்துக்குள் உறுதி சொல்ல வேண்டும். "நீ வேண்டாம் என்றால் வந்துவிடுகிறேன், அம்மா" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் சங்கடம். எதிர்த்துப் பேசியிருந்தால் சுலபமாக மாட்டேன் என்றிருப்பேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். யோசிக்கவெல்லாம் இல்லை. மாட்டேன் என்பது தயாராக இருந்தது, காரணம்தான் தேட வேண்டியிருந்தது. படிக்காமல் இருந்தால் எங்கள் மருத்துவக் காப்பீட்டில் அவள் பெயர் தொடருமா என்று கேட்கக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மகள் படிக்கிறாளா, பயிற்சியா, வேலையா என்று கேட்டார்கள். கொடைக்கானலில் பஜ்ஜி போடுகிறாள் என்பதை ஜெர்மனில் விளக்கினேன். போனில் பேசிய அம்மாள், "அப்படியென்றால் 'மற்றவை' என்று போடுங்கள்" என்றாள். மற்றவை. பார்த்தீர்களா, இதுவே காரணம் என்று சேகரிடம் சொன்னேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அவ இங்க இருந்தப்ப நம்மகிட்ட என்னத்தப் பேசுனா?"

"அதுக்காக அங்கேயே விட்டுரணுமா? நாளைக்கு வசந்தாவத்தான் அம்மாங்கும்."

"பொறாமையா?"

"ஆமா" என்றேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை விளம்பரப் பிரிவிலிருந்து ஆள் வந்தார். முட்டை வைத்த செய்தி அறிந்து, தொட்டியை முன்கூடத்தில் வைத்தால் கூட்டம் வரும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஜெர்மன் தானாகச் சரளமானது. "கூப்பிட்டுக்கொண்டிருக்கிற தவளையை நகர்த்தக்கூடாது. இத்தனை வருடம் வாயே திறக்காமல் இருந்தது. ஏன் திறந்தது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஏதோ ஒன்று இங்கே அதற்கு ஒத்துப்போயிருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசையென்றால் நீங்கள் இங்கே வந்து பாருங்கள்." அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜெயித்த திருப்தியில் நான் திரும்பவும் தொட்டியில் மழை வரவும் சரியாக இருந்தது. "நீங்க உக்காருங்க சித்தி." பிறகு சிரிப்பு. நான் அந்த ஆளிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கே திரும்பி வந்தது. என் மகள் ஒன்றும் தவளை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை. துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தேன், எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

இடைவேளையில் கூப்பிட்டேன். வசந்தாதான் எடுத்தாள்.

"அக்கா, கோவமா இருக்கியா?"

"எதுக்கு?"

"புள்ளைய நான் புடிச்சு வச்சுக்கிட்டேன்னு. நான் ஒண்ணுஞ் சொல்லலக்கா. அவளாத்தான் கேட்டா." அவளே தொடர்ந்தாள். "ஒனக்கென்ன, எங்க இருந்தாலும் ஒம் மகதான். எம் பய திருப்பூருக்குப் போனவன் ஒரு போன் கூடப் பண்றதில்ல. எனக்குத்தான் ஒம் மேல பொறாமையா கெடக்கு."

இத்தனை நாள் நான் தனியாகப் பட்டுக்கொண்டிருந்த பொறாமையில்கூட அவள் பங்கு கேட்கிறாள். "அவகிட்டக் குடு" என்றேன்.

லீனா வந்தாள். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம்.

"இரு. அடுத்த கோடைவரைக்கும் இருந்துட்டு வா" என்றேன், தமிழில். உடனே வேலை விஷயத்துக்குத் தாவினேன். "ஆனா ஒண்ணு. அடுத்த தடவைக்கு மழைய மட்டும் தனியா புடிச்சு அனுப்பு. பேச்சு வேண்டாம்."

ஜெர்மனில் பதில் வரும் என்று காத்திருந்தேன்.

"அது முடியாதும்மா. சித்தி இருக்கிற எடத்துல மழை மட்டும் தனியா கெடைக்காது. ஐப்பசி மழைக்கு நீங்க வாங்க. நீங்களே புடிங்க." பிறகு, வண்டியில் யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டே சொன்னாள். "வாங்கம்மா. தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்."

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் மகள் என்னிடம் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசியதும், எனக்குத் தேத்தண்ணி போடுகிறேன் என்றதும் இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வார்த்தையும் வசந்தாவின் வாயிலிருந்து அப்படியே எடுத்தது. போய்க் குடிக்கத்தான் போகிறேன். அவள் போட்டது நன்றாக இருந்தால், அந்தக் கைப்பக்குவமும் வசந்தாவுடையதாகத்தான் இருக்கும். அதை நினைத்தால் இப்போதே எரிகிறது.